பழைய காருக்கு வேறு கியர்பாக்ஸ் போடலாமா?

தாத்தா ஓட்டிய அம்பாசிடர் கார் வீட்டில் நிற்கிறது. கியர் போட்டால் கடகடவென்று சத்தம். பின்பக்கம் தொங்கிவிட்டது. கழற்றிவிட்டு வேறு போடலாமா? போட்டால் 'விண்டேஜ் கார்' என்ற பெருமை போய்விடுமா? பழைய கார் வைத்திருப்பவர்களின் கவலை இது.

அரசு விதி

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய காரையும் மோட்டார் சைக்கிளையும் 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது.

ஒரு நிபந்தனை உண்டு. வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் செய்திருக்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் கியர்பாக்சும் ஸ்பிரிங்கும் இல்லை. அப்படியானால் எதையும் மாட்டலாமா? அங்கேதான் சிக்கல்!

ஸ்பிரிங் எளிது

அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே அளவில் வேறு போட்டால், எதையும் வெட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வண்டியை இறக்கி, சக்கரத்தில் பாரம் ஏறிய பிறகே போல்ட்டை முழுதாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்துவிடும்.

கியரில்தான் ஆபத்து

பழைய அம்பாசிடரில் 4 கியர். கியர் கம்பி ஸ்டீரிங் பக்கத்தில் இருக்கும். பின்னாளில் இசுசு எஞ்சினுடன் 5 கியர் வந்தது. கம்பி தரைக்கு வந்தது. நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும் என்று பலருக்கும் இதன்மேல் ஆசை.

ஆனால் இதைப் பழைய காரில் பொருத்த, தரைத் தகட்டில் துளை போட வேண்டும். பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் நீளமும் சரிபார்க்கப்பட வேண்டும். பலர் எஞ்சினையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். அம்பாசிடருக்குத் தனி சேஸ் கிடையாது. பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. தரையை வெட்டினால் பாடியை வெட்டியதாகும்!

என்ன செய்யலாம்?

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அதே வகைப் பழைய கியர்பாக்சைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துப் போடுவதே நல்லது. கழற்றியதை இரும்புக் கடையில் போடாதீர்கள். அதன் பல்சக்கரங்கள் நாளைக்கு உதவும்.

பழுது பார்ப்பது வேறு. உருவத்தை மாற்றுவது வேறு. ரம்பத்தை எடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.