வல்லமையின்றிப் பிறந்த சிறுவன்

பிராட் பேர்ட் இயக்கத்தில் 2004-இல் வெளிவந்த ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ அனிமேஷன் படம் குடும்ப ஒற்றுமையை அழகுறக் காட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வில்லன் யார்? பிறவியில் வல்லமை பெறாத பட்டி என்னும் சிறுவன். தானே செய்த ராக்கெட் காலணிகளோடு நாயகனுக்குத் துணைநிற்க வந்து, விரட்டப்பட்டவன். வளர்ந்தபின் அவன் செய்யும் கொலைகளுக்கு அவனே பொறுப்பு. ஆயினும், தன் கருவிகளை விற்று எல்லாரையும் வல்லவராக்குவேன் என்பதையும் படம் தீமையாகவே காட்டுகிறது! நாயகனோ, தன் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோதுதான் அவனிடம் வருத்தம் தெரிவிக்கிறான்.

வலுவற்றதாய்த் தோன்றும் அவயவமின்றிச் சரீரம் இல்லை என்றல்லவா பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார்? வேதாகம வினாடிவினாவில் ஒருமுறையேனும் பரிசு பெறாத பிள்ளைகள் நம் ஞாயிறு பள்ளியிலும் உண்டு. அவர்களோடு இப்படத்தைப் பார்க்கும் பெற்றோரே, பட்டியைக் குறித்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள்.