செம்பக்கமும் சிறு பெட்டியும்

கரவெட்டியில் வீடு கட்ட அத்திவாரம் போடும்போது மேசன்மார் மூலை பார்க்கும் முறையை நேயர்கள் கண்டிருப்பர். ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் அளந்து முளை அடிப்பர். குறுக்கே நூல் பிடித்தால் 5 அடி வரவேண்டும். வந்தால் மூலை செங்கோணம். இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் செம்பக்கம் கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பதும் இதனையே. இத்துணை எளிய கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தால் அது தவறுமா? தவறும்.

120 அடி அகலமும் 160 அடி நீளமும் கொண்ட காணியொன்றை எடுத்துக்கொள்வோம். நம்மூர்க் கணக்கில் ஏழு பரப்புக்குச் சற்றே மேல். மூலைக்கு மூலை 200 அடி. மாணவர் பலர் பழகும் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையின் மூன்றாம் பதிப்பிலே, சாதாரண முழுவெண்ணுக்கு ஒதுக்கிய பெட்டி 16 பிட்டு அகலமுடையது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. 120 இன் வர்க்கம் 14,400, 160 இன் வர்க்கம் 25,600, இரண்டும் அடங்கும். கூட்டுத்தொகையாகிய 40,000 அடங்காது. அது வழக்கமாக மறை 25,536 என்று திரிந்துவிடும். மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுப்பது எங்ஙனம்? சூத்திரம் சரி; விடையாகிய 200 உம் பெட்டிக்குள் அடங்கக்கூடியதே. இடையில் வந்த எண்தான் வழிமறித்தது.

இதனைச் சிறுபிள்ளைக் கோளாறென்று தள்ளிவிடலாகாது. 1996 யூன் 4 ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 விண்கலம் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே அழிந்தது. பெரிய எண்ணொன்றை 16 பிட்டுப் பெட்டியில் திணிக்க முயன்றதே காரணம். அது செம்பக்கக் கணக்கன்று. ஆயினும் நோய் இதுவே.

பெட்டியைப் பெரிதாக்கினால் தீராதா எனலாம். தசமங்களையும் ஏற்கும் 32 பிட்டு மிதவைப் புள்ளி எண் 39 இலக்கங்கள் வரை எட்டும். அந்திரொமீடா விண்மீன் மண்டலத்தின் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. மீற்றரிற் சொன்னால் 23 இலக்க எண். அது அடங்கும். அதன் வர்க்கம் 45 இலக்கம். கணினி 'முடிவிலி' என்று கைவிரித்துவிடும். 64 பிட்டில் மதில் வெகுதூரம் தள்ளி நிற்குமேயன்றி இல்லாமற் போகாது. மிகச் சிறிய எண்களுக்கோ எதிர்மாறான கதி: வர்க்கிக்கும்போது தேய்ந்து பூச்சியமாகிவிடும்.

பரிகாரம் எளிது. பெரிய பக்கத்தை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடவேண்டும். 3 ஐ 4 ஆல் வகுத்தால் 0.75, அதன் வர்க்கம் 0.5625, ஒன்றைக் கூட்டினால் 1.5625, வர்க்கமூலம் 1.25. அதனை 4 ஆற் பெருக்க 5. வகுத்து வந்த எண் ஒருபோதும் ஒன்றை விஞ்சாது; ஆகவே அதன் வர்க்கம் பெட்டியை உடைக்க வழியில்லை. இரு பக்கமும் பூச்சியமாயின் வகுத்தல் கூடாது என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். வகுத்தலிலும் கடைசி இலக்கத்திற் சிறு பிசகு நேரலாம். அதனால் நுணுக்கமாக எழுதுவோர் பெரிய பக்கத்தால் வகுக்காமல், அதற்கு அண்மையான இரண்டின் வலுவொன்றால் வகுப்பர். 1983 இல் கிளீவ் மோலரும் டொனால்ட் மொரிசனும் வர்க்கமூலமே எடாது சில சுற்றுகளில் விடை காணும் வழியொன்றை வெளியிட்டனர். சீ மொழியின் 1999 ஆம் ஆண்டு நியமத்தில் இக்கணக்கு 'ஹைபொட்' என்ற பெயரில் இடம்பெற்றது. பைதன் மொழியிலும் உண்டு. மாணவர்கள் தாமே சூத்திரம் எழுதுவதிலும் அதனை அழைப்பதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம்.

போதையனார் பெயரால் இக்காலத்தில் பலரும் பகிர்ந்துகொள்ளும் விதியொன்று வர்க்கத்தையே நாடுவதில்லை. பெரிய பக்கத்தில் எட்டிலொன்றைக் கழித்து, சிறியதன் பாதியைக் கூட்டுக என்பது அது. நம் காணிக்கு 140 உம் 60 உம் சேர்ந்து 200. அச்சொட்டான விடை, 16 பிட்டுப் பெட்டியும் பத்திரம். ஆயினும் எல்லாக் காணிக்கும் அதனை நம்பலாகாது. நாற்புறமும் 100 அடியான சதுரக் காணிக்கு அது தருவது 137.5 அடி, உண்மை அளவு 141.4. கயிறு ஏறத்தாழ 4 அடி குறைந்துபோகும்.