சின்னத் தொப்பிக்கும் கூலி உண்டு



பார்பிப் பாவைப்பிள்ளை 1959இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் முதல் உடுப்புகளைத் தைத்தவர்கள் யப்பானில் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்த பெண்கள். பாவையின் பெயரை உலகமே அறியும். அப்பெண்களின் பெயரை யார் கேட்டார்கள்?

இம்மாதம் அப்பாவைக்கு ஒரு வசந்தகாலத் தொப்பி பின்னுவோம். குளிர்நாடுகளில் கம்பளியைக் கழற்றி வைக்கும் காலம் அது. ஆகவே மெல்லிய பருத்தி நூலே பொருத்தம். மிச்ச நூலும் போதும்.

2 மில்லிமீற்றர் ஊசியில் 54 கண்ணிகள் ஏற்றி, 6 வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள். இது விளிம்பு. அடுத்த வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். இப்படியே வரிசை முடிய 36 கண்ணிகள் இருக்கும். 3 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பின்னுங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து 18 ஆகவும், அடுத்த வரிசையில் 9 ஆகவும் குறையுங்கள். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, 9 கண்ணிகளுக்குள்ளும் கோத்து இறுக்குங்கள். அதே நூலால் ஓரங்களைப் பொருத்தித் தையுங்கள். விளிம்பின் மேல் ஒரு மஞ்சள் பூ வைத்தால் அழகு. தலைக்கு இறுக்கமானால் அடுத்ததை 60 கண்ணிகளில் தொடங்குங்கள். பிழைத்தாலும் கவலையில்லை, உருவினால் நூல் திரும்பக் கிடைக்கும்.

“சும்மா இருந்து பின்னினதுதானே, இதுக்கென்ன காசு?” என்று எங்கள் வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். சும்மா இருக்கவில்லை அக்கா, வேலை செய்தீர்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். விலை சொல்லும்போது நூலோடு அந்த மணித்தியாலங்களையும் கூட்டுங்கள்.

உங்கள் மகளுக்காகப் பின்னினால் அந்தக் கணக்கு வேண்டாம்.