பரணில் கிடக்கும் விண்ணப்பம்

ஆசிரியருக்கு,

மேற்படிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் இனவியலுக்கு (எத்னிக் ஸ்டடீஸ்) இரண்டே வரி. 1968-69 மாணவர் போராட்டத்துக்குப் பிறகுதான் சான் பிரான்சிஸ்கோவில் அதற்கெனத் தனிக் கல்லூரி வந்தது. அந்தப் பெயரில் இங்கே துறை இல்லாவிட்டாலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் இருக்கிறது. வரலாறு படிக்க எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம்.

இத்துறைகளுக்கான பொருள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களின் ஊர் எங்கள் கூத்தாநல்லூர். ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். எங்கள் வீட்டுப் பரணில் நன்னிமார் (பாட்டிமார்) எழுதிய அரபுத்தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன: வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, வாசித்தால் சுத்தமான தமிழ். அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகள். கரையான் பாதி தின்றுவிட்டது.

ஆனால் எங்கள் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரையைப் பாருங்கள்! ‘சிறு வயது முதலே சமூக சேவையில் ஆர்வம்’ என்றுதான் தொடங்குகிறது. யாரோ பணம் வாங்கி எழுதிக் கொடுத்தது. அந்தக் கடிதங்களில் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதினால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காராதா?

பொறியியல் கலந்தாய்வுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள். மானுடவியல், வரலாறு போன்ற துறைகளின் சேர்க்கைத் தேதி, நுழைவுத் தேர்வு, உதவித்தொகை விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், கூத்தாநல்லூர்