கணக்கில் ஏறாத கூலி

சனிக்கிழமை மாலையில் திருப்பூரின் சந்துகளில் உள்ள பனியன் கம்பெனி ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு, வாரம் முழுவதும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு தையற்காரர்கள் வரிசையில் நிற்பதும், கணக்குப்பிள்ளை ஒரு நீளநோட்டில் பெயரைத் தேடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூலையில் தொகை எழுதிய சிறு கவரை எடுத்து நீட்டுவதும் பிரத்தியட்சமாகத் தெரியும். அந்த நீளநோட்டு ஆய்வாளர் வரும் நாளில் மேசைமேல் இராது. அன்று மேசைக்கு வருவது வேறொரு பதிவேடு. மாதத்தில் இருபத்தாறு நாள் உழைத்தவர், அந்தப் பதிவேட்டின்படி பன்னிரண்டு நாளே வேலைக்கு வந்தவர். மற்றப் பதினான்கு நாள் உழைப்புக்கு உரிய கூலி கையில் கிடைத்துவிடுகிறது என்பது மெய்யே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த நாட்களில் அவர் எங்கும் உழைக்கவே இல்லை.

எல்லா ஸ்தாபனங்களும் இப்படி நடக்கின்றன என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டு வியாபாரிகளின் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் பல ஒழுங்காகவே கணக்கு வைக்கின்றன. அவர்களிடமிருந்து வேலையை வாங்கிச் செய்யும் ஜாப் ஒர்க் பட்டறைகளிலும், கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கும் இடங்களிலுந்தான் இந்த வழக்கம் வேரூன்றி நிற்கிறது. துணிக்கடை, ஓட்டல், கட்டட வேலை என்று பார்த்தால் திருப்பூருக்கு வெளியேயும் இதே கதைதான்.

“கணக்கில் காட்டினால் வருமான வரியில் மாட்டிக்கொள்வாய்; பி.எப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்தால் கையில் என்ன மிஞ்சும்?” என்று தொழிலாளியிடம் சொல்லப்படுகிறது. இதில் முதற்பாதி முழுப் பொய். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். 2025-26 நிதியாண்டுக்குரிய புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. 12 லட்சம் வரையில் விழும் வரியும் தள்ளுபடியாகிவிடுகிறது. சட்டம் கேட்காத வரியைக் காட்டி மிரட்டி, சட்டம் கொடுக்கும் பாத்தியதைகளை ஏழையிடமிருந்து பறித்துக்கொள்வதை வேறு எந்தப் பெயரிட்டு அழைப்பது?

இரண்டாம் பாதியிலோ பாதி உண்மை இருப்பதால், அதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும். முழுக் கூலியும் பதிவானால் தொழிலாளியிடம் பி.எப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படும். பன்னிரண்டு நாள் கணக்கில் பிடிப்பது 831 ரூபாய்தான். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு முக்கால் சதவீதம். அதிலும் அறுபது ரூபாய் மிச்சம். ஆக, மாதம் ஏறக்குறைய ஆயிரத்து முப்பது ரூபாய் அதிகமாகக் கையில் நிற்கிறது. குழந்தைக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டிய வீட்டில் அது சிறு தொகையன்று. ஆனால் முதலாளி தம் பங்காகச் சேர்த்திருக்க வேண்டிய 969 ரூபாயும் மாதந்தோறும் கரைந்துபோய், இருபது ஆண்டில் வட்டி நீங்கலாகவே 2,32,560 ரூபாய் இல்லாமற்போகிறது.

அதைவிடக் கொடிய நஷ்டம் வேறொன்று உண்டு. நோயில் படுத்த தொழிலாளிக்குக் கூலியில் 70 சதவீதத்தை 91 நாள் வரையில் இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, அதைப் பெற, ஆறு மாதக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதம் பன்னிரண்டு நாளென்றால் ஆறு மாதத்துக்கு 72. ஆறே ஆறு நாள் குறைந்ததற்காக, மஞ்சள்காமாலையில் கிடப்பவர் வீட்டில் அடுப்பு அணைகிறது. பணிக்கொடைக்கும் ஆண்டில் 240 நாள் வேலை நிரூபணமாக வேண்டும், பதிவேட்டிலோ 144. முறைப்படி கணக்கிருந்தால் இருபது ஆண்டு உழைப்புக்கு 1,73,000 ரூபாய்க்குக் குறையாமல் பெற்றிருக்கக்கூடியவர், ஒரு காசுமின்றி வெளியே வருகிறார். சாலை விபத்தில் அவர் இறந்துபோனால், நஷ்டஈட்டு நீதிமன்றம் கேட்கும் சம்பளச் சான்றுக்கு அவர் மனைவி எந்தக் கதவைப் போய்த் தட்டுவாள்?

வரி என்பது ஏழைத் தையற்காரரைத் தொடாவிட்டாலும், நன்றாகச் சம்பாதிக்கும் கட்டிங் மாஸ்டரையும் மெர்ச்சண்டைசரையும் தொடுகிறது. சம்பளம் கொடுப்பவர் வரியைப் பிடித்துக்கொண்டு சர்க்காருக்குக் கட்டாமல் விட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் தந்த பாதுகாப்பு. ரொக்கமாக வாங்கியவருக்கோ இந்தக் கவசம் இல்லை. பிடிக்கப்படாத வரி அவர் தலையிலேயே நேராக விழுகிறது; வட்டியும் அபராதமும் அதன்பின் வருகின்றன. பத்து ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த ரொக்கத்தை மகள் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டு, அது ஓர் ஆண்டில் 10 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வங்கியே வரித்துறைக்குத் தகவல் கொடுக்கிறது. எங்கிருந்து வந்ததென்று கேட்டால் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. விளக்கம் சொல்ல முடியாத பணத்துக்கு 2016 டிசம்பரில் 60 சதவீத வரியும், அதன்மேல் கூடுதல் வரியும் விதித்தார்கள். கறுப்புப் பணக்காரரைக் குறி வைத்து எய்த அம்பு, உழைத்துச் சேர்த்தவர்மேலும் பாயக்கூடும் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

தொழிலாளர்களே பி.எப். வேண்டாமென்கிறார்கள் என்று முதலாளிமார் சொல்வதை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர் ஆறு மாதத்தில் கம்பெனி மாறுகிறார். ஆதாரில் ஓரெழுத்துப் பிழை இருந்தாலும் பணம் கேட்ட மனு திரும்பி வருகிறது. எடுக்க முடியாத பணத்தை எவர்தான் பணமென்று மதிப்பார்? இந்தக் குறையைத் தீர்ப்பது அரசாங்கத்தின் கடமை. ஆயினும் அதைச் சாக்காகக் கொண்டு இரட்டை நோட்டு வைப்பதற்கு நியாயம் பிறந்துவிடாது. கணக்கில் வராத கூலியைக் கொடுக்க வேண்டுமானால் கணக்கில் வராத பணம் வேண்டும். அதற்குப் பில் இல்லாத விற்பனை வேண்டும். ஆகவே தொழிலாளிக்கு உபகாரம் என்று சொல்லப்படுவதன் அடிவேர், முதலாளியின் சொந்த வரி ஏய்ப்பில்தான் பெரும்பாலும் போய் முடிகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளச் சீட்டு கொடுத்தே தீர வேண்டுமென்கிறது. கூலி பாக்கி என்று வழக்கு வந்தால் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதே என்றும் விதிக்கிறது. இந்த நியாயத்தை பி.எப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் விரிக்க வேண்டும். எத்தனை நாள் உழைத்தாரென்ற வழக்கில் தொழிலாளி சாட்சி தேடி அலையலாகாது. வரிச் சோதனையில் நீளநோட்டு அகப்பட்டால், அது முதலாளியின் வரியை உயர்த்துவதோடு நின்றுவிடாமல், அதில் பெயர் கண்ட ஒவ்வொருவருடைய பி.எப். கணக்கிலும் உரிய தொகை ஏறும்வரை பி.எப். அலுவலகத்தின் மேசையில் இருக்க வேண்டும். தாமாக முன்வந்து உண்மைக் கூலியைச் சொல்லும் தொழிலாளிமேல் அபராதம் விழாதென்று அரசாங்கம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அச்சம் நீங்காதவரையில் எவரும் வாய் திறக்கமாட்டார்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கவரைப் பிரித்துப் பணத்தை எண்ணிய கையோடு அதைக் கிழித்தெறியாதீர்கள். தேதி போட்டு எடுத்துவையுங்கள், எத்தனை ஷிப்ட் பார்த்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே குறித்துவாருங்கள், பி.எப். பாஸ்புக்கில் என்ன ஏறியதென்று மாதம் ஒருமுறை செல்போனில் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வரிசையில் நிற்கும்போது, சம்பளச் சீட்டு எங்கே என்று தனியாளாக அல்ல, பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.