ஜாஸ் கிடாரும் ட்ரான்ஸ்பர் ஆர்டரும்

போன வாரம் புனேயிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். என்னோடு ஒரே பேட்சில் பேங்கில் சேர்ந்தவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊர் ஊராய்ச் சுற்றி இப்போது புனேயில் இருக்கிறார். பெண் பதினொன்றாம் வகுப்பு.

"மக்கா, பாப்பா ஜாஸ் கிடார் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. சாதா கிடார் ஆகாதாம். வயலின் மாதிரி வயிறு உப்பி, ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி ஓட்டை போட்டிருக்குமாமே, அதுதான் வேணுமாம். நெட்டுல பாத்தா மூணு லட்சம், நாலு லட்சம்னு போட்டிருக்கான். பர்சனல் லோன் போட்டிரலாமான்னு யோசிக்கேன்."

"தயவுசெய்து போடாதே" என்றேன். காரணம் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. நம்மைப் போல வெளியூரில் பிள்ளை வளர்க்கிற வேறு யாருக்காவது உபயோகப்படட்டும் என்று அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் சங்கீத வித்வான் கிடையாது. பி.காம். படித்துவிட்டு பேங்கில் ஆணி பிடுங்குகிற ஆள். நாற்பது வயதில் கிடார் கற்க ஆரம்பித்து, இன்றைக்கும் சுமாராக வாசிப்பவன். ஆனால் கிடார் வாங்குவதில் ஒரு பெரிய தப்புச் செய்து, அதற்கு மூன்று வருடம் தவணை கட்டியவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன் :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். 2017ல் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். இந்த ஊருக்கும் ஜாஸுக்கும் பழைய உறவு. பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் ராத்திரிதோறும் ஜாஸ் வாசித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் முடிந்த பிறகும் விடாமல் பீபாப் வாசித்து, பலருக்குக் கற்றும் கொடுத்தவர் கார்ல்டன் கிட்டோ என்ற கிடார்காரர். நான் வருவதற்கு முந்தின வருடம், 2016ல் காலமாகிவிட்டார். ஒரு வருடத்தில் தவறவிட்டேனே என்று இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. அவரை மையமாக வைத்து இந்தியாவில் ஜாஸ் வந்த கதையைச் சொல்லும் 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பித்துப் பிடித்தது.

பித்துப் பிடித்தவன் என்ன செய்வான்? 2018ல் மூன்று லட்சம் கடன் போட்டு, ஒரே பலகையில் குடைந்து செய்த ஆர்ச்டாப் கிடார் ஒன்றை வாங்கினான். தங்கமணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் வட்டி விகிதத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

2020ல் ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்தது. ஜெய்ப்பூர். கொல்கத்தாவின் புழுக்கத்தில் ஊறிக் கிடந்த மரம், ராஜஸ்தானின் காய்ந்த காற்றுக்குப் போனது. அடுத்த வருடம் மே மாதம், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையில், ராத்திரி சட்டென்று ஒரு சத்தம். காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கிடாரின் மேல்பலகையில் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. தவணை இன்னும் நாலு பாக்கி.

செய்தவன் மேலோ விற்றவன் மேலோ குற்றமில்லை. நம் பிழைப்புக்குப் பொருந்தாத பொருளை வாங்கியது என் குற்றம்.

இந்த இடத்தில் கொஞ்சம் மரக்கணக்கு தெரிய வேண்டும். வயிறு உப்பிய கிடார் இரண்டு விதம். தடித்த ஸ்ப்ரூஸ் பலகையை வயலின் செய்வது போல உளியால் குடைந்து வளைவு கொண்டுவருவது ஒன்று. கிப்ஸன் கம்பெனி 1922ல் கொண்டுவந்த எல்-5 இந்த ஜாதி. நம்மூர் ஒரே மரத்தில் குடைகிற வீணை மாதிரி. மரமும் அதிகம், கைவேலையும் அதிகம், அதனால்தான் விலையும் அதிகம். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, அச்சில் அழுத்தி வளைப்பது இன்னொன்று. லாமினேட் என்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் பிளைவுட்.

பிளைவுட் என்றதும் நமக்கு முகம் சுருங்குகிறது. நாலு லட்சத்துக் கிடாரைப் பார்த்த கண்ணுக்கு இது கதவு செய்கிற சமாச்சாரமாகத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரித்திரம் தெரியாததால் நினைத்தேன்.

1949ல் கிப்ஸன் இ.எஸ்.-175 என்று ஒரு கிடாரை விட்டது. பெயரில் இருக்கிற 175 அன்றைய டாலர் விலை. விலையைக் குறைக்க வேண்டும் என்றே மேல்பலகையை லாமினேட்டில் செய்தார்கள். அந்தச் சிக்கனக் கிடாரைத்தான் ஹெர்ப் எல்லிஸ் வாசித்தார், ஜிம் ஹால் வாசித்தார், ஜோ பாஸ் வாசித்தார், பாட் மெத்தீனி வாசித்தார். இன்றைக்கு ஜாஸ் கிடார் என்றதும் நம் காதில் விழுகிற அந்தத் தேன் தடவிய சத்தத்தில் பெரும் பங்கு பிளைவுட் போட்ட பிச்சை!

காரணமும் உண்டு. குடைந்த பலகை நன்றாக அதிரும். ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க அது வரம். ஆம்ப் வைத்துச் சத்தமாக வாசிக்கும்போது ஆம்பின் சத்தத்துக்கே பலகை அதிர்ந்து ஊளையிட ஆரம்பிக்கும். லாமினேட் விறைப்பாக இருப்பதால் ஊளை குறைவு. தகடுகளின் ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால், ஈரத்துக்கு ஊதி வறட்சிக்குச் சுருங்கி வெடிக்கிற அபாயமும் ரொம்பக் குறைவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடற்கரையிலிருந்து பாலைவனத்துக்குப் போகிற குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே என் கட்சி இதுதான். ட்ரான்ஸ்பர் வேலையில் இருக்கிற வீட்டுக்கு முதல் ஜாஸ் கிடார் லாமினேட்டாகத்தான் இருக்க வேண்டும். கையில் பணம் இருந்தாலும்.

எது வாங்கலாம்? ஐபனெஸ் 2002ல் ஆரம்பித்த ஆர்ட்கோர் வரிசையில் ஏ.எஃப்.55, ஏ.எஃப்.75 இரண்டும் ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றவை. சீனாவில் தயாராகிறவை, அதனால்தான் விலை கட்டுப்படியாகிறது. நான் 2023ல் மறுபடி கொல்கத்தா வந்த பிறகு வாங்கியது ஏ.எஃப்.75 தான். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் கனடாவின் கோடின் ஃபிஃப்த் அவென்யூ, சீனாவின் ஈஸ்ட்மேன் ஏ.ஆர்.371. ஜோ பாஸ் பெயரிலேயே எபிஃபோன் செய்த எம்பரர் டூ செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிப்ஸன் 1958ல் கொண்டுவந்த இ.எஸ்.-335 வகைக் கிடார்களுக்கு உள்ளே நடுவில் மரக்கட்டை இருக்கும். அதுவும் நல்ல கிடார்தான். ஆனால் பாப்பா கேட்பது முழுக்க உள்ளே காலியான கிடார். கடைக்காரர் இரண்டையும் ஒன்று என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இனி கணக்கு. மூன்று லட்சம் கடன், வருடத்துக்கு 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை 9,964 ரூபாய் வரும். மொத்தம் கட்டுவது சுமார் 3,58,700. வட்டி மட்டும் 58,700 ரூபாய். கிடாருக்கு ஜாமீன் மதிப்பு கிடையாது, அவசரத்துக்கு விற்றால் போட்ட காசு திரும்பாது. பிள்ளையின் ஆசைக்குக் கடன் வாங்கலாமா என்றால், படிப்புக்கு வாங்கலாம், வாத்தியத்துக்கு வேண்டாம். பத்து மாதம் ஆர்.டி. போட்டு ரொக்கத்தில் வாங்குங்கள். அந்தப் பத்து மாதமும் ஆசை நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒதுக்கிய தொகை முழுவதையும் கிடாரிலேயே கொட்டிவிடக் கூடாது. நூறு ரூபாய் இருந்தால் அறுபத்தைந்து கிடாருக்கு, இருபது சின்ன ஆம்புக்கு, மீதி பதினைந்து தந்திக்கும் கெட்டியான பெட்டிக்கும் செட்டப்புக்கும். செட்டப் என்பது தெரிந்த கைவினைஞரிடம் கொடுத்து, கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம் எல்லாவற்றையும் சரி செய்வது. பட்டன் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுகிற வேலை மாதிரி நினைத்து இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். சுமாரான கிடார் நல்ல செட்டப்பில் இனிக்கும். உசத்திக் கிடார் மோசமான செட்டப்பில் விரலைக் கிழிக்கும், பிள்ளை மூலையில் வைத்துவிடும்.

தந்தியை மாற்றுங்கள். பெரும்பாலான கிடார்கள் சுருள் தெரிகிற ரவுண்ட்வூண்ட் தந்தியோடு வரும். ஜாஸுக்கு வழவழவென்று இருக்கிற ஃப்ளாட்வூண்ட் வேண்டும். டி'அடாரியோ குரோம்ஸில் 11 அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். விரல் வழுக்கும்போது வருகிற கீச் சத்தம் அடங்கி, நாதம் உருண்டையாகும். என் கிடாரில் தந்தி மாற்றிய அன்று தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது வேற கிடாரா?" என்றாள். இன்னொன்று வாங்கிவிட்டேனோ என்ற சந்தேகம் வேறு விஷயம்.

தந்தி மாற்றும்போது ஒரு ஜாக்கிரதை. இந்தக் கிடார்களில் பல மாடல்களில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினால் கையோடு வந்துவிடும், பிறகு சுருதி சேராது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பன்னிரண்டாம் கட்டையில் தந்தியை மெல்லத் தொட்டு வருகிற சுருதியும், அதே கட்டையில் அழுத்தி வருகிற சுருதியும் ஒன்றாக இருந்தால் பிரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

வீடு மாற்றும்போது தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, கெட்டிப் பெட்டியில் வைத்து, கையோடு ரயிலில் கொண்டு போங்கள். லாரியில் பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே வேண்டாம். லாமினேட்டாக இருந்தாலும் புது ஊரில் ஒரு மாதம் கழித்து ஒருமுறை செட்டப் பார்த்துவிடுங்கள். கழுத்து ஊருக்கு ஊர் வளையும்.

"இவ்வளவு சிக்கனமான கிடாரில் வாசித்தால் உருப்படுமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு ஜோ பாஸ் கதையைச் சொன்னேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள சினானான் என்ற மையத்தில் இருந்தபோது அவருக்கென்று ஒரு ஜாஸ் கிடார்கூட இல்லை. அங்கே கிடைத்த கட்டை உடம்பு ஃபெண்டர் கிடாரை வைத்து வாசித்தார். 1962ல் வெளிவந்த இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். கேட்கிறவர் யாரும் கிடாரின் விலையை யோசிக்க மாட்டார். பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர் அவருக்கு இ.எஸ்.-175 வாங்கிப் பரிசளித்தார்.

இதில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த மூன்று லட்சத்தில் பாதியை நான் ஒரு நல்ல வாத்தியாருக்குக் கொடுத்திருந்தால், கொல்கத்தாவில் இருந்த முதல் மூன்று வருடத்தில் எங்கேயோ போயிருப்பேன். கிடார் இருக்கிறது என்ற தைரியத்தில் யூடியூபை நம்பி உட்கார்ந்துவிட்டேன். நண்பரிடம் கடைசியாகச் சொன்னது இதைத்தான்: மிச்சம் பிடிக்கிற பணத்தை வாத்தியாருக்குக் கொடு. அடுத்த ஆர்டர் வந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு போகலாம். வாத்தியாரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வெடித்த கிடார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒட்டி வைத்திருக்கிறேன். விற்க மனசில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில், காய்ப்பையை வைத்துவிட்டு நான் கையில் எடுப்பது பிளைவுட் கிடாரைத்தான். பழையது சுவரில் தொங்குகிறது. புது ஆபீசர் யாராவது வீட்டுக்கு வந்து, "சார், ஒரு பர்சனல் லோன் போடலாம்னு..." என்று ஆரம்பித்தால் தங்கமணி அதைக் காட்டுகிறாள்.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு மீட்டுக்கோல் கூட இலவசமாகத் தந்ததில்லை. தந்தால் மறுக்கவும் மாட்டேன் :-)