பச்சைக் கல்லும் பக்குவ மனமும்

மனிதனாய்ப் பிறந்தவனுக்கு ஏதேனும் ஒரு பைத்தியம் பிடிக்காமல் இராது. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் செல்லாக் காசு சேர்க்கிறார்கள். நமக்குப் பிடித்திருப்பது பச்சைக் கல் பைத்தியம். 'ஓகோ, மரகதமா? வாத்தியார் உத்தியோகத்தில் அவ்வளவு வருமானமா?' என்று நேயர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். மரகதம் வேறு, நாம் சொல்லும் ஜேடு வேறு. நம் நவரத்தினங்கள் ஒன்பதில் ஜேடுக்கு இடமே கிடையாது. சீன தேசத்திலோ பொன்னைக் காட்டிலும் அதைப் போற்றி வந்திருக்கிறார்கள்.

திருவொற்றியூரில் பள்ளிக்கூடம் நடத்தும் நமக்கும் சீனத்தார் போற்றும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் பர்மா வழியாக வந்தது. உயர்ந்த பச்சை ஜேடு விளைவது பர்மாவின் வட கோடியில், கச்சின் மலைநாட்டில். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகளும் வியாபாரங்களும் அரசாங்கத்தின் வசமாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த நம்மவர் லட்சக்கணக்கில் தாயகம் திரும்பினர். ரங்கூனில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்கள் பல வியாசர்பாடியிலும் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கங்களிலும் குடியேறின. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பர்மா பஜாரும், அதன் அருகே மாலை வேளைகளில் மணக்கும் அத்தோக் கடைகளும் அவர்கள் உழைப்பின் அடையாளங்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு நாள், தெருவோர வியாபாரி ஒருவரிடம், 'அசல் பர்மாக் கல்' என்ற வாக்கை நம்பி ஒரு பச்சை வளையல் வாங்கினோம். வாங்கும்போது நாம் கல்லைப் பார்க்கவில்லை. அதை ஒரு செல்வந்தரிடம் பத்து மடங்கு விலைக்கு விற்கும் காட்சியைத்தான் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், உள்ளே சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகள்! கண்ணாடியை உருக்கி வார்த்த வளையல் அது. ஏமாற்றியவரைக் கோபித்து என்ன பயன்? நம் பேராசைதான் அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருந்தது.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினோம். ஜேடு என்பது ஒரு கல்லின் பெயர் அன்று, இரண்டு கற்களுக்குப் பொதுப் பெயர் என்பதை 1863-இல் டாமூர் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் நிலைநாட்டினார். ஒன்று நெப்ரைட்டு, மற்றொன்று பர்மாவில் கிடைக்கும் ஜேடைட்டு. இரண்டிலும் நுண்ணிய படிகங்கள் பாய் முடைந்தாற்போல் பின்னிக் கிடப்பதால் எளிதில் உடைவதில்லை. உளியால் செதுக்கவும் வராது. கடினமான மணற்பொடியை இட்டு நாள்கணக்கில் தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும். அதன் எடையும் ஓர் அடையாளம். நெப்ரைட்டு தன் அளவு தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.95 மடங்கு கனம், ஜேடைட்டு 3.3 மடங்கு; சாதாரணக் கண்ணாடியோ 2.5 மடங்குதான். ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தை இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டும், கடை வாசலில் அது நினைவுக்கு வராமற்போன விந்தையை என்னென்பது!

சென்ற கோடை விடுமுறையில், எர்ணாவூரிலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் தன் பாட்டியாரை அழைத்து வந்தான். அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வளையலை எடுத்து நம் மேஜைமேல் வைத்தார். வெண்மையும் பசுமையும் கலந்து, நீரில் நனைந்த பாசி போன்ற நிறம்.

"வாத்தியாரய்யா, இது எங்க அம்மாவோட வளையல். கப்பல் ஏறும்போது எனக்குப் பத்து வயசு. சோதனைக்காரங்க தங்கத்தைத்தான் தேடினாங்க. அம்மா இதைக் கழற்றி என் முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாங்க. சும்மா கல்தானேன்னு விட்டுட்டாங்க. பையனைக் காலேஜில் சேர்க்கணும். ஐயாயிரம் கிடைச்சாப் போதும். நீங்களே எடுத்துக்கிட்டாலும் சரி" என்றார்.

மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசில் அதை நிறுத்தோம். காற்றில் 53 கிராம். தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் 37. குறைந்தது 16. ஐம்பத்து மூன்றைப் பதினாறால் வகுத்தால் 3.3! கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தோம். விடை மாறவில்லை.

இந்த இடத்தில் நேயர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மனம் அப்போது நேர்வழியில் நிற்கவில்லை. 2014-இல் ஹாங்காங்கில் இருபத்தேழு மணிகள் கோத்த ஜேடைட்டு மாலை ஒன்று 2 கோடியே 74 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தி நினைவில் நர்த்தனமாடியது. 'அந்த அம்மாளே ஐயாயிரம் போதும் என்கிறார்; கொடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?' என்று ஒரு குரல் உள்ளே வழக்காடியது. கண்ணாடி வளையலை நம்மிடம் விற்றவரின் முகம் அந்தக் குரலுக்குப் பின்னால் தெரியவே, சற்று வெட்கினோம். ஒன்றும் அறியாத நம்மிடம் பொய்ப் பொருளை அவர் அதிக விலைக்கு விற்றார். ஒன்றும் அறியாத ஒருவரிடம் மெய்ப் பொருளைக் குறைந்த விலைக்கு வாங்க நாம் நினைத்தோம். வேறுபாடு எங்கே?

அன்று மாலையே எர்ணாவூருக்குப் போனோம். "அம்மா, இது கண்ணாடி இல்லை, ஜேடைட்டாக இருக்க வேண்டும். ஆனால் எடையை வைத்து விலை சொல்ல முடியாது. அமிலத்தில் ஊற வைத்துப் பிசின் ஏற்றிய கல்லும் உண்டு, சாயம் ஏற்றிய கல்லும் உண்டு. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் எழுத்து மூலம் சான்று வாங்குங்கள். அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள், எங்களுக்கும்கூட" என்றோம். சான்று வந்தது: இயற்கைக் கல், சாயமோ பிசினோ இல்லை. பின்னர் ஒரு நகை வியாபாரி நியாயமாக வாங்கிக்கொண்டார். ஏலச் செய்தியில் படித்த கோடிகள் இல்லை. ஆயினும் அம்மாள் கேட்டதைப்போல் பல மடங்கு. பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். கொடுப்பதற்கு முன் அந்த அம்மாள் ஒருமுறை கையில் போட்டுப் பார்த்தாராம், நுழையவில்லையாம்.

கல் சேர்க்க விரும்பும் நண்பர்கள் பணப்பையைத் திறக்குமுன் கண்ணைத் திறக்க வேண்டும். ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் சாலார் ஜங் மியூசியத்து ஜேடு அறையில் ஒரு மணி நேரமாவது நிற்கட்டும். ஜஹாங்கீர், நூர்ஜஹான் ஆகியோருடைய கத்திகள் அங்கே இருக்கின்றன. மூன்றாம் சாலார் ஜங் நிஜாமின் திவான் பதவியை 1914-இல் துறந்தபின், 1949-இல் காலமாகும்வரை கலைப் பொருள்களைத் தேடிச் சேர்த்தவர். அவர் சேர்த்தவற்றை ஜனங்கள் காண 1951-இல் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்தார். இன்று கூலிக்காரனும் அவற்றின்முன் நின்று பார்க்கலாம். சேர்த்த பொருளுக்கு இதைவிட நல்ல முடிவு வேறென்ன இருக்கிறது?

இன்னொன்று: கல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 2020 ஜூலை 2-ஆம் தேதி பர்மாவின் பாகாந்த் சுரங்கப் பகுதியில் மண்குன்று சரிந்து, கழிவு மண்ணில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஏழைகள் நூற்றெழுபது பேருக்கு மேல் மாண்டனர். எந்தக் கல் எவர் கையால் வந்தது என்று கவலைப்படாதவன் எத்தனை கல் சேர்த்தாலும் அவனைச் சேகரிப்பவன் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் மரப்பெட்டியில் இப்போது மூன்று சிறு கற்களும் ஒரு கண்ணாடி வளையலும் இருக்கின்றன. வளையலை எறிய மனமில்லை. புதிதாக ஏதேனும் வாங்கப் புறப்படும்போதெல்லாம் அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.